எங்கள் தெருச் சிரட்டையில் ஓடிய எஞ்சின்

தேங்காய்ச் சிரட்டையிலிருந்து எடுக்கும் வாயு சரியாக எரியும்போது பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. குழாயின் வாய்க்கு மேலே காற்று மட்டும் நெளியும். பின்னாலிருக்கும் சுவர் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் ஆடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, "சார், அணைஞ்சு போச்சு" என்று ஓடினேன். சார் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ரயில் டிக்கெட்டை எடுத்து, குறட்டில் பிடித்து, குழாயின் வாய்க்கு மேலே நீட்டினார். டிக்கெட் பற்றிக்கொண்டது.

"தெரியலேன்னா நன்னா எரியறதுன்னு அர்த்தம். மஞ்சளாத் தெரிஞ்சாத்தான் கவலைப்படணும்" என்றார்.

அன்று மாலை கோவண்டி ஸ்டேஷனில் நின்றபோது இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடமே சொல்லியிருப்பேன், அவள் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

சார் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். செம்பூரிலிருந்து கோவண்டி போகும் வழியில் அவருக்கு ஒரு பட்டறை. மரத்துண்டு, உமிக்கட்டி, சிரட்டை போன்றவற்றை வாயுவாக மாற்றி, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டி, மின்சாரம் எடுக்கும் இயந்திரங்களை அங்கே செய்கிறோம். அவர் செய்தவை எல்லாம் வெளியூர் அரிசி ஆலைகளுக்குப் போயிருக்கின்றன. மும்பைக்குள் ஒன்றுகூட நிற்கவில்லை. டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்: இந்த ஊரில் எரிபொருளுக்கு எங்கே போவது?

எனக்குப் பதில் தெரியும். தாராவியில் எங்கள் தெரு முழுக்க இட்லிக்காரர்கள். விடிவதற்குள் இட்லி வெந்து, டப்பாக்களில் ஏறி, சைக்கிளில் பாதி மும்பைக்குப் போய்விடும். இட்லி என்றால் சட்னி. சட்னி என்றால் தேங்காய். விறகு அடுப்பு இருந்த காலத்தில் சிரட்டை அடுப்புக்குள்ளேயே போய்விட்டது. காஸ் வந்த பிறகு அது வெறும் கச்சரா, குப்பை. தினமும் காலையில் தெருமுனையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அதைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

சிரட்டை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்ட அன்று அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஈர விறகு வச்சா அடுப்பு புகையும்லா, அந்தப் புகையப் புடிச்சு அடைச்சு வைக்கியளாக்கும்?"

"புகை இல்லம்மா, வாயு. காத்தக் கொஞ்சமா விட்டு எரிச்சா சிரட்டை முழுசா எரியாது. எரியக்கூடிய வாயுவா மாறி வெளிய வரும். அதக் குளிர வச்சு, வடிகட்டி, எஞ்சினுக்குள்ள விடுவோம். எஞ்சின் ஓடும், கரண்ட் வரும்."

"இதுக்கா ஆறு வருசம் படிச்ச?"

"ஆமா."

"நான் முப்பது வருசமா அடுப்பு ஊதியிருக்கேன். ஒருத்தரும் ஒரு சர்ட்டிபிகேட் தரல."

முதலில் எங்கள் வீட்டுச் சிரட்டையை மட்டும் ஒரு பையில் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் ஓடியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் அப்படிச் செய்தால் யோசிக்கிறார் என்று பொருள்.

அந்தச் சமயத்தில் செம்பூரில் ஒரு கல்யாண மண்டபம் எங்களிடம் வந்திருந்தது. அதன் செயலாளர் திலக் நகரில் குடியிருக்கும் ஒரு மாமி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனால் டீசல் புகை பந்திக்கூடம் வரைக்கும் வருகிறது, சாம்பாரில்கூட டீசல் மணக்கிறது என்பது அவருடைய குறை. உங்கள் பட்டறையிலேயே ஆறு மணி நேரம் நிற்காமல் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லியிருந்தார்.

சார் மரத்தூளை அழுத்திச் செய்த கட்டைகளை வெளியூரிலிருந்து லாரியில் வரவழைக்கலாம் என்று இருந்தார். நான் விடவில்லை. ஒரு வாரம் அவர் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனேன்.

"சரி" என்றார் கடைசியில். "சனிக்கிழமை உன்னோட சிரட்டையிலே ஓட்டு. ஆறு மணி நேரம். நடுவிலே ஒரு தடவை அழுக்கா எரிஞ்சாலும் கட்டையைப் போட்டுடுவேன். அதுக்கப்புறம் சிரட்டைப் பேச்சையே எடுக்கப்படாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஆறு மூட்டை வேண்டும். அம்மா தெருவில் சொல்லிவிட்டாள். கல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, மண் கூடாது என்று மூன்று விஷயங்களை நான் அம்மாவிடம் சொல்லியனுப்பினேன். அந்த மூன்றும் போதும் என்று நினைத்தேன். பத்து நாளில் மூட்டைகள் சேர்ந்துவிட்டன. வியாழக்கிழமை டெம்போவில் அவை ஏறியபோது எதிர்வீட்டுச் சித்தி முதல் மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். டெம்போக்காரர் தன் வண்டிக்கும் வைக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகைக்காக மூட்டையைப் பிரித்தோம். எங்கள் ஃபிட்டர் பாய் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், பட்டறையில் அவர் கை படாத இரும்பே கிடையாது. மூட்டைக்குள் கையை விட்டவர் வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதுல சோப்புத்தூள் வாசம் வருதே."

சிரட்டைகள் பளபளவென்று இருந்தன. நாரெல்லாம் சுரண்டி, தேங்காய்ப்பூ ஒட்டாமல் தேய்த்து, அலசி, அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மாதம். சாக்கின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். ஆறு மூட்டையும் அப்படித்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சிரட்டையக் கழுவுனியளாம்மா?"

"பொறவு? கழுவாமலா குடுத்து விடுவாவ? ஆபீசுக்குப் போற சாமான். தேங்காப்பால் ஒட்டிக்கிட்டு, எறும்பு மொச்சுக்கிட்டு, நாலு பேரு பாக்கதுக்கு நல்லாவா இருக்கும்? சித்தி ரெண்டு தடவ கழுவிருக்கா."

எங்கள் தெருவில் அதுதான் முறை. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட அவர்கள் கழுவியதைவிட நன்றாகக் கழுவித்தான் கொடுப்பார்கள். அந்தத் தெருவிலேயே வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நான் முதலில் எடுத்துப்போன சிரட்டை என் கையால் குப்பையிலிருந்து பொறுக்கியது.

நூறு கிராம் எடுத்து அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போட்டேன். எழுபத்திரண்டு இருந்தது. அதாவது இருபத்தெட்டு கிராம் தண்ணீர். பதினைந்துக்குக் கீழே இருந்தால்தான் எங்கள் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும். ஈரம் கூடினால் உள்ளே நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். சிரட்டையிலிருந்து வரும் தார் உடையாமல் வாயுவோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போகும். இதெல்லாம் தெரிந்தும் ஒரு நப்பாசையில் கொஞ்சம் போட்டு ஓட்டிப் பார்த்தோம். சுடர் மஞ்சளாக, புகையோடு, ஆளுயரத்துக்கு நின்றது. வாயுவின் சுத்தத்தைப் பார்க்க ஒரு சின்ன வால்வின் முன்னால் வெள்ளைத் தாளைப் பிடிப்போம். தாளில் டீக்கறை போல ஒரு வட்டம், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது.

சார் தாளை வாங்கிப் பார்த்தார். "இதை எஞ்சினுக்குள்ளே விட்டா வால்வெல்லாம் ஒட்டிண்டுடும். நாளைக்குக் கட்டையைப் போட்டுடலாம். நீ வருத்தப்படாதே."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்."

"மழை பெய்யறது. எங்கே காயப்போடுவே?"

அந்தக் கேள்விக்குத்தான் என் மண்டை வேலை செய்தது. பட்டறைக்கென்று ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. அதன் புகைக்குழாய் சுவருக்கு வெளியே வெறுமனே சூட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயை ஒரு பழைய டிரம்முக்குள் நுழைத்து வெளியே எடுத்து, டிரம்மின் ஒரு பக்கத்தில் ஃபேன் வைத்தால், குழாயைத் தொட்டு வரும் சூடான காற்று மேலே போகும். மேலே கம்பி வலை. வலைமேல் உடைத்த சிரட்டை. புகை சிரட்டையில் படாது, சூடு மட்டும் படும். ஒரு பழைய பில்லின் பின்பக்கம் இதை வரைந்து பாயிடம் காட்டினேன்.

"ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார்.

"ஒரு மணி நேரம் பாய்."

"வெல்டிங் ராடு உங்க பேச்சக் கேக்குமா தங்கச்சி? சும்மா காலிபீலி அவசரப்படுத்தாதீங்க" என்றவர் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

சார் சுற்றிவந்து பார்த்தார். "டீசலை ஒழிக்கறதுக்கு டீசலை எரிக்கறோம். பேஷ்."

"இன்னிக்கு மட்டும்தான் சார். மண்டபத்துல வச்சா நம்ம எஞ்சின் புகையோட சூடே இதுக்குப் போதும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாத்திரம் கழுவி முடித்ததும் அம்மாவும் சித்தியும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். நான் வரச் சொல்லவில்லை. சித்திதான் குற்றம் செய்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கழுவுனதுக்கா இம்புட்டுப் பாடு? முன்னாலயே சொல்லிருந்தா அழுக்கோட அள்ளிப் போட்டிருப்பேனே. முதுகொடிஞ்சு போச்சு எனக்கு."

"நான்தான் சொல்லல சித்தி. என் தப்பு."

"பரவால்ல, இப்ப வெளங்குச்சு. இனிம நீ வந்து சொல்லு. ஒங்கம்மா ஒண்ணு சொன்னா நாலாச் சேத்துச் சொல்லுவா."

"நானா? கழுவுங்கன்னு நானா சொன்னேன்?" என்றாள் அம்மா.

"நீ கழுவுனதப் பாத்துத்தான நான் கழுவுனேன். நீ ஒரு தடவ கழுவுனா நான் ரெண்டு தடவ கழுவாண்டாமா?"

பாய் சிரித்து வெல்டிங் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுத்தியலால் சிரட்டையைத் தீப்பெட்டி அளவுக்கு உடைத்தார்கள். வலைமேல் பரப்பி, ரவை வறுப்பதுபோல் பெரிய கரண்டியால் புரட்டினார்கள். பட்டறை முழுக்கத் தேங்காய் வறுக்கும் வாசனை வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, என்ன பார்ட்டி என்று இந்தியில் கேட்டார்கள்.

நாலு மணிக்கு அம்மா இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். "கேளு. கணீர்னு கேக்குது. காஞ்சிட்டு."

நான் எடை போட்டேன். "பதினெட்டு. இன்னும் காயணும்."

"என் காது பொய் சொல்லுதாக்கும்?"

"பொய் சொல்லலம்மா. மேல காஞ்சிருச்சு, உள்ள இருக்கு."

"சிரட்டை என்ன பலாப்பழமா, உள்ள வெளியன்னு?"

"பதினெட்டுன்னா பதினெட்டுதாம்மா."

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி கரண்டியை எடுத்து மறுபடி புரட்ட ஆரம்பித்தாள். ஆறு மணிக்குப் பன்னிரண்டு வந்தது. இப்போது அம்மா இரண்டு துண்டைத் தட்டினாள். சத்தம் வேறாக இருந்தது, இன்னும் மெலிதாக, எவர்சில்வர் கரண்டி கீழே விழுந்ததுபோல்.  ஆட்டோவில் ஏறும்போது அவள் சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நான் சொன்னா அவ ஒத்துக்கிடவே மாட்டா. எடக்கல்லு சொன்னாத்தான் கேப்பா." குரலில் அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமி வந்தார். கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரட்டையைக் கொட்டி, உள்ளே கரிக்குப் பற்றவைத்து, ஊதுகாற்றை விட்டோம். முதலில் வெள்ளைப் புகை. பிறகு மஞ்சள் சுடர். பிறகு சுடர் நீலமாகி, சின்னதாகி, காணாமல் போனது. சுவர் நெளிந்தது. தாளைப் பிடித்தேன். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் தாள் தாளாகவே இருந்தது. பாய் வால்வைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த குண்டு பல்புகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசி பல்பும் எரிந்தது.

அரை மணிக்கு ஒரு தடவை எல்லா மீட்டரையும் பார்த்து எழுத வேண்டும். மணிக்கு ஒரு தடவை மேலே ஏறி ஹாப்பர் என்ற தொட்டியில் சிரட்டை கொட்ட வேண்டும். இந்த வாயு கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்லும் என்பதால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்தே இருந்தன. சாரல் உள்ளே அடித்தது.

"மழைக்காலத்திலே என்னம்மா பண்ணுவே? நம்மூர் மழையிலே துணியே காயறதில்லையே" என்றார் மாமி.

நான் அவரை டிரம்முக்கு அழைத்துப்போனேன். அன்று காலையே பாய் எங்கள் எஞ்சினின் புகைக்குழாயை அதற்குள் மாற்றி விட்டிருந்தார். முந்தின நாள் நடந்தது முழுவதையும் சொன்னேன், சோப்புத்தூள் உட்பட. சார் பின்னாலிருந்து சொல்லாதே என்று சைகை காட்டியதைப் பார்த்தும் சொன்னேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது மணியில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு பல்புகளைக் காட்டினேன். திரையில் பாதித் தெரு தெரிந்தது.

"பல்பு எரியுதுன்னு காட்டுதியே, எங்க வீட்டுலயும்தான் எரியுது" என்றாள் சித்தி.

"இது நம்ம சிரட்டையில எரியுது சித்தி."

சித்தி போனை அம்மாவிடமிருந்து பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏ, ஆமாட்டி. அதுல எந்தப் பல்பு என் மூட்டை?"

நான் பதில் சொல்வதற்குள் பல்புகள் மங்கின. எஞ்சின் சத்தம் தேய்ந்தது. போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். மீட்டர் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஹாப்பருக்குப் பக்கத்தில் கட்டை மூட்டை வாய் திறந்து தயாராக நின்றது. சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஈரமா?"

"இல்ல சார், தாள் வெள்ளையாத்தான் இருக்கு. அடைச்சிருக்கு." உடைக்காமல் விட்ட சில பெரிய துண்டுகள் உள்ளே கிண்ணத்துக்குள் கிண்ணமாகச் செருகிக்கொண்டு, மேலே இருப்பதைக் கீழே விழாமல் தாங்கி நிற்கின்றன. எனக்கு அது வெளியிலிருந்தே தெரிந்தது. "பாய், நடுவுல அடிங்க. அதுக்கும் மேல. இன்னும் மேல."

பாய் மரச்சுத்தியலால் ஹாப்பரின் வயிற்றில் அடித்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது அடிக்கு உள்ளே கடகடவென்று சரிந்தது. அரை நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எஞ்சின் மூச்சை இழுத்துக்கொண்டு பழைய சத்தத்துக்கு வந்தது. பல்புகள் ஏறின. சட்டைப்பையிலிருந்து சித்தியின் குரல், "என்னாச்சு, என்னாச்சுட்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மாமி பக்கத்தில் வந்து நின்றார். "இப்படி அடிக்கறதுக்கு ஒரு ஆள் நிக்கணுமோ?"

"நிக்கணும் மேடம். மணிக்கு ஒரு தடவை பாக்கணும். டீசல் மாதிரி சுவிட்சப் போட்டுட்டுப் போயிட முடியாது. சிரட்டைய இன்னும் சின்னதா உடைச்சா அடைப்பு குறையும், முழுசாப் போகாது."

"நல்லவேளை, முடியும்னு சொல்லலே" என்றார். "சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

நாலரை மணிக்கு ஆறு மணி நேரம் முடிந்தது. சார் கடைசித் தாளை மாமியிடம் கொடுத்தார். மாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"கமிட்டியிலே நான் பேசிக்கறேன். சிரட்டைன்னே கொட்டேஷன் எழுதிக் கொடுங்கோ. காயவைக்கற டிரம்மையும் சேர்த்துப் போடுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதப்போறது நீதானே?"

நான் சாரைப் பார்த்தேன். "அவதான்" என்றார் சார்.

பாய் எஞ்சினை நிறுத்த வால்வில் கை வைத்தார்.

"பாய், இருங்க. ஹாப்பர்ல இன்னும் சிரட்டை இருக்கு."

"இருந்தா என்ன? ஆறு மணி நேரம் ஆயிடுத்தே" என்றார் சார்.

"தீர்ற வரைக்கும் ஓடட்டும் சார்."

 சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாமியும் கிளம்பவில்லை. பாய் டீ வாங்கப் போனார். நான் நோட்டில் ஆறரை மணி நேரம் என்று ஒரு புதிய வரி போட்டு மீட்டரைப் பார்த்து எழுதினேன். அதற்குக் கீழே, சிரட்டை தீரும் வரை என்று இன்னொரு வரியும் எழுதினேன். ஓட ஆரம்பித்து ஆறு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆனபோது பல்புகள் மெல்ல மஞ்சளாகி, சிவப்பாகி, கம்பி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து, அணைந்தன. எஞ்சின் நின்ற பிறகுதான் வெளியே மழை எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்று எங்களுக்குக் கேட்டது.